ஆணியும் மயில்துத்தமும்

கம்பம்,
ஞாயிறு காலை.

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தாய். தாத்தா ஆகப்போகிறவனை இன்னும் மாப்ளே என்றா கூப்பிடுவீர்கள் என்று வீட்டில் சிரிக்கிறாள். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. பட்டறைக்கு ஆள் கிடைத்ததா?

வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்புக்கு ஆணியைக் காப்பர் சல்பேட்டில், அதான் மயில்துத்தத்தில், போடுகிற சோதனை வைத்தேன். நீ முலாம் பட்டறையே நடத்துகிறவன், உனக்கு இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. இருந்தாலும் கேள், கடைசியில் உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது.

வழக்கமாக நிறம் மாறுவதைப் பார்த்து எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். இந்தத் தடவை எடையும் போடச் சொன்னேன். ஐந்து குழு. ஆணியை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, எடை பார்த்து, ஐந்து கிராம் துத்தம் கரைத்த தண்ணீரில் இரண்டாவது பீரியடில் போட்டார்கள். கடைசி பீரியடில் எடுத்தபோது ஆணி முழுக்கச் செங்கல் நிறத்தில் பஞ்சு மாதிரி செம்பு. அதை வழித்துக் கழுவி, காய வைத்து, மறுபடி எடை.

கணக்கு உனக்குத் தெரியும். ஆணியில் 0.28 கிராம் இரும்பு கரைந்தால் அதன் இடத்தில் 0.32 கிராம் செம்பு வர வேண்டும். ஒரு குழுவுக்கு 0.25 வந்தது, கழுவும்போதே கொஞ்சம் போய்விட்டது. ஒரு குழுவுக்கு அச்சு அசலாக 0.32. எனக்குச் சந்தேகம். எப்படிடா காய வைத்தீர்கள் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கடைசியில் ஒருவன், "கணக்குப் போட்டு எழுதிட்டோம் சார்" என்றான். திட்ட வாய் வரவில்லை. நாம் டைட்ரேஷனில் மூன்றாவது தடவை பியூரெட்டைத் திறக்காமலேயே கன்கார்டன்ட் வேல்யூ, அதான் முந்தின அளவோடு ஒத்துப்போகிற அளவு, எழுதினது ஞாபகம் வந்துவிட்டது. அதுவும் உன் யோசனைதான்.

எனக்குப் பிடித்தது பெண் பிள்ளைகள் குழு எழுதிய 0.37. தப்பு என்று தெரிந்தும் அடிக்காமல் வைத்திருந்தார்கள். செம்பைக் காய வைத்த வாட்ச் கிளாஸை வாங்கிப் பார்த்தேன், செம்பு அங்கங்கே கறுத்திருந்தது. அவசரத்தில் ஸ்பிரிட் விளக்கில் நேராகக் காட்டியிருக்கிறார்கள். சூட்டில் செம்பு ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டது, உள்ளே கொஞ்சம் ஈரமும் தங்கியிருக்கும். முழுக்க ஆக்சைடு ஆகியிருந்தால்கூட 0.40-ஐத் தாண்டாது என்று அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் குழுவுக்குத்தான் முழு மார்க் போட்டேன்.

அப்புறம் இன்னொன்று. கரைசல் வெளிர் பச்சையாக மாறும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரு குழுவுக்கும் மாறவில்லை, நீலம் கொஞ்சம் வெளுத்ததோடு சரி. எப்படி மாறும்? போட்ட துத்தத்தில் கால் பங்குதானே செலவாகியிருக்கிறது. ஆனால் நோட்டில் எல்லோரும் 'பச்சை' என்றே எழுதியிருந்தார்கள்!

இவ்வளவு நடக்கும்போது கடைசி பெஞ்சில் ஒருவன் ஆணியை அசட்டையாகப் பார்த்துக்கொண்டு நின்றான். என்னடா என்றேன். "எங்க தாத்தா இத அருவால்ல பண்ணுவாரு சார்."

அவர்களுக்குத் திராட்சைத் தோட்டம். அடிச்சாம்பல் நோய்க்கு போர்டோக் கலவை அடிப்பார்கள்: ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். கலக்கியதும் தாத்தா அரிவாளை உள்ளே விட்டு எடுத்துப் பார்ப்பாராம். சிவப்பாக ஏதாவது படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று அர்த்தம், இன்னும் கொஞ்சம் கரைத்து ஊற்றுவார். அப்படியே அடித்தால் இலை கருகிவிடும். பிளாஸ்டிக் டிரம்மில்தான் கலக்குவாராம். இரும்பு வாளி ஓட்டையாகிவிடும் என்று பையன் சர்வ சாதாரணமாகச் சொல்கிறான். இருபத்தேழு வருடமாக இந்தப் பாடம் நடத்துகிறேன், திராட்சை விளைகிற ஊரில் இருந்துகொண்டு ஒரு நாள்கூட அரிவாளைச் சொன்னதில்லை. மீதி நேரம் முழுக்க அவன்தான் பாடம் நடத்தினான். பிரான்சில் சாலையோரக் கொடிகளில் பழம் திருடுகிறவர்களை விரட்டத் தெளித்து வைத்த கலவை அது, அந்தக் கொடிகளுக்கு நோய் வராததைப் பார்த்துத்தான் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் 1885-இல் மருந்தாக எழுதினார் என்று நான் சொன்னதும், "அப்போ எங்க தோட்டத்துலயும் ரோட்டோரமா அடிக்கணும் சார்" என்றான்.

மிச்சக் கரைசலைத் தொட்டியில் கொட்ட விடவில்லை. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் ஊற்றி, துருப்பிடித்த ஆணி, கம்பி எல்லாம் போட்டு வைத்திருக்கிறோம். சீனாவில் சோங் அரசர்கள் காலத்தில் இப்படித்தான் சுரங்கத் தண்ணீரில் இரும்பைப் போட்டுச் செம்பு எடுத்தார்கள். புத்தகம் சொன்ன பச்சை திங்கட்கிழமைக்குள் அந்த வாளியிலாவது வருகிறதா பார்க்கலாம்.

சரி, உன் வேலை. அதே பையன்தான் கேட்டான்: ஆணியில் படிந்த செம்பு விரல் பட்டாலே உதிர்கிறது, கடையில் வாங்குகிற செம்பு முலாம் மட்டும் ஏன் உதிர்வதில்லை? இரும்பை நேராகத் துத்தத் தொட்டியில் இறக்கினால் பூச்சு நிற்காது, முதலில் சயனைடு தொட்டியில் மெல்லிசாகச் செம்பு ஏற்ற வேண்டும் என்று நீ எப்போதோ சொன்னது பாதிதான் ஞாபகம் இருக்கிறது. பையனுக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதி அனுப்பு. வகுப்பில் அவனையே வாசிக்கச் சொல்கிறேன். முடிந்தால் சரியாக முலாம் போட்ட ஆணி ஒன்றும், உதிர்கிற ஆணி ஒன்றும் கூரியரில் அனுப்பி வை.

அன்புடன்,
உன் பழைய லேப் பார்ட்னர்