சிரிப்பில் பங்கு கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். இனிப் பள்ளிக்கே போகமாட்டேன் என்று, செவித்திறன் குறைந்து காதொலிக் கருவி அணியும் என் மகள் பிடிவாதமாக இருந்த நாள்களை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அவற்றை மீண்டும் எழுதப்போவதில்லை. ஆண்டுத் தேர்வு முடிந்த இப்போது, விடுமுறை இவ்வளவு நீளமா என்று அவள் சலித்துக்கொள்கிறாள். அந்தச் சலிப்பைக் கேட்ட மகிழ்ச்சியில் இம்மடலை எழுதுகிறேன்.

கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல், முகத்தில் வெளிச்சம் படும்படி நின்று பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கும், அவள் கருவிக்குக் குரலை அனுப்பும் ஒலிவாங்கியை மறவாமல் அணிந்துகொண்டவர்களுக்கும், பேச்சுப் பயிற்சியாளருக்கும், தலைமையாசிரியருக்கும் என் நன்றி. தக்க நேரத்தில் அவள் அருகிலிருந்து எழுந்து தள்ளி அமர்ந்த சிறப்பாசிரியரைத் தனியே குறிப்பிட வேண்டும். பெரியவர் ஒருவர் எந்நேரமும் பக்கத்திலிருந்தால் மற்றப் பிள்ளைகள் நெருங்கத் தயங்குவார்கள்.

இனி, அவளோடு ஒரே மேசையில் அமரும் மாணவிக்கு. கூச்சப்படுவாய் என்பதால் உன் பெயரை எழுதவில்லை.

காதொலிக் கருவி பேச்சை மட்டுமன்றி, நாற்காலி இழுபடும் ஓசையையும் சேர்த்தே பெருக்குகிறது. ஒருவரே பேசும் பாட வேளையை என் மகள் சமாளித்துவிடுவாள். பலர் மாறி மாறிப் பேசும் உணவு இடைவேளையிலோ, பேசுபவர் யாரென்று தேடித் திரும்புவதற்குள் பேச்சு வேறொருவரிடம் போயிருக்கும். எல்லோரும் சிரிப்பார்கள், காரணம் தெரியாமல் இவளும் சிரித்துவைப்பாள். என்னவென்று கேட்டால், “ஒன்னுமில்ல, விடு” என்பார்கள். அதில் கெட்ட எண்ணமில்லை. சிரித்து முடித்ததை மறுபடி சொல்வது யாருக்குமே அலுப்புத்தான். நீ மட்டும், யாரும் சொல்லித்தராமலே, பேசுபவரை நோக்கிக் கைகாட்டினாய். விட்டுப்போனதை அவள் முகத்துக்கு நேரே திரும்பி முழுவதுமாக மறுபடி சொன்னாய். அவற்றில் பல சிரிக்கத் தக்கவையே அல்ல என்கிறாள் மகள். அப்படித் தீர்ப்புச் சொல்லும் வாய்ப்பே உன்னால் வந்ததுதான். நாளடைவில் மற்றவர்களும் கையை உயர்த்திவிட்டுப் பேசத் தொடங்கினார்களாம். கணக்கில் ஐயம் வந்தால் நீ அவளிடம்தான் கேட்கிறாய் என்றும், ஒருமுறை சண்டையிட்டுப் பேசாமலிருந்தாய் என்றும் அறிந்தேன். அந்தச் சண்டையும் எனக்கு நிறைவே. இரக்கப்பட்டு எல்லாவற்றையும் விட்டுக்கொடுப்பவளோடு அவளால் சண்டையிட்டிருக்க முடியாது.

ஐக்கிய நாடுகள் அவை 2006-இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 24-ஆம் பிரிவு, எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் உள்ளடங்கிய கல்வியைப் பேசுகிறது. சேர்க்கையையும் கருவியையும் உரிமையென்று கேட்டுப் பெறலாம். இடைவேளையில் பக்கத்தில் வந்து அமருமாறு ஒரு பிள்ளையிடம் விண்ணப்பம் நீட்ட முடியாது. ஆகவே, மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையின் பெற்றோர் யார் என்னிடம் யோசனை கேட்டு வந்தாலும், மதிப்பெண்ணைக் கேட்பதற்கு முன் அப்பிள்ளை யாரோடு அமர்ந்து சாப்பிடுகிறது என்று கேட்பதென முடிவுசெய்திருக்கிறேன்.

அடுத்த ஆண்டு பிரிவுகளைக் கலைத்து அமைக்கும்போது இவ்விருவரையும் ஒரே பிரிவில் வைக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்த ஒரு வேண்டுகோளில் எனக்குத் தன்னலம் உண்டு.

நன்றியுடன்,
உங்கள் மாணவி ஒருத்தியின் தாய்