புல்லுருவியால் போன ஒரு மார்க்

அன்புள்ள மக்களே,

முந்தாநாள் ராத்திரி போனில் நீ அழுததைக் கேட்டு எனக்கும் தூக்கம் வரவில்லை. மரக்கொப்பில் ஒட்டி வளரும் புல்லுருவி, தன் உணவைத் தானே செய்யும் தற்சார்பு ஊட்டமா, இன்னோர் உயிரிடமிருந்து எடுக்கும் பிறசார்பு ஊட்டமா என்று பரீட்சையில் கேள்வி. நீ தற்சார்பு என்று எழுதினாய். ஒட்டுண்ணி என்றாலே பிறசார்புதான் என்று சிவப்பு மையால் அடித்துவிட்டார்கள். "யாரு சொல்றது சரி அத்தே?" என்றாய். சட்டென்று பதில் சொல்ல மனம் வரவில்லை. நேற்றுக் காலை கிணற்றடி மாமரத்தில் ஏணி சாய்த்து, பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தெற்குக் கொப்பு முழுக்க அதுதான். மாவிலையைவிடக் குட்டையாய், தடித்த இலை. கொப்பும் அதுவும் சேரும் இடத்தில் கழலை மாதிரி ஒரு முண்டு. அதற்குள்ளேதான் உறிஞ்சு வேர் மாமரத்தின் கட்டைக்குள் இறங்கியிருக்கும். குழாய் போன்ற பூவில் தேன்சிட்டு மூக்கை விட்டுக்கொண்டிருந்தது. பழத்தைத் தின்பது பூக்கொத்திக் குருவி. விதையைச் சுற்றி ஒரே பசை. எச்சத்தோடு வெளியே வந்தாலும் குருவியின் பின்புறத்தை விடாது. அது கொப்பில் தேய்த்துத் துடைக்க, விதை அங்கேயே ஒட்டி முளைக்கும். விதைப்புக்கு இதைவிடச் சோம்பேறித்தனமான ஏற்பாடு உண்டா!

ஆனால் இலையைப் பார். நல்ல பச்சை. வெயிலையும் காற்றையும் வைத்துத் தன் சர்க்கரையைத் தானே செய்கிறது. மாமரத்திடம் அது முக்கியமாக எடுப்பது தண்ணீரும் உப்புச்சத்தும்தான். அந்தத் தண்ணீரில் கரைந்து வரும் கொஞ்சம் உணவையும் சேர்த்தே குடித்துவிடும், அது வேறு விஷயம்.

இனி உன்னைப் படுத்தும் கிரேக்கச் சொற்களுக்கு வருகிறேன். தற்சார்பு என்பது ஆட்டோட்ரோஃப், பிறசார்பு என்பது ஹெட்டிரோட்ரோஃப். ஆட்டோ என்றால் தான். ஹெட்டிரோஸ் என்றால் வேறொன்று. ட்ரோஃபே என்றால் ஊட்டம். அதன் வினைச்சொல்லுக்குப் பழைய கிரேக்கத்தில் பாலை உறைய வைப்பது என்றும் பொருள் உண்டு. நீராய்க் கிடந்தது கெட்டிப்பட்டு உருவாகிறதல்லவா? பிள்ளைக்கு 'உடம்பு பிடிச்சிருக்கு' என்று பாட்டி சொல்வாளே, கிட்டத்தட்ட அதே நினைப்பு. ஆட்டோட்ரோஃப் என்ற சொல்லை 1892இல் உண்டாக்கியவர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்டு ஃபிராங்க் என்ற ஜெர்மன் தாவரவியலாளர். வேரும் பூஞ்சையும் கூடி வாழ்வதற்கு மைக்கோரைசா என்று 1885இல் பெயர் வைத்தவரும் அவரே.

ஒட்டுண்ணிக்கு இங்கிலீஷில் சொல்லும் பாரசைட்டின் கதை இன்னும் ருசியானது. பாரா என்றால் பக்கத்தில், சிட்டோஸ் என்றால் தானியம், சோறு. அடுத்தவன் சோற்றுப் பக்கத்தில் உட்கார்ந்தவன். முதலில் அது கௌரவமான பெயர்தான். கோயில் விருந்தில் சேர்ந்து உண்ணும் உரிமை உள்ளவரைக் குறித்தது. பிறகு கிரேக்க நகைச்சுவை நாடகங்களில், முகஸ்துதி பாடி ஓசிச்சோறு தின்கிற ஆளானான். நம்ம ஊர்க் கல்யாணப் பந்தியில் பாயசத்தில் மட்டிப்பழத்தைப் பிசைந்துகொண்டே 'பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா' என்றால் மழுப்புகிறவர் ஒருவர் இருப்பாரே, அவரேதான்.

தமிழில் உண்ணி. மாட்டின் காதில் ஒட்டிக் கிடப்பதற்கு வெறும் உண்ணி என்றே பெயர் வைத்துவிட்டார்கள், தின்பதைத் தவிர வேறு வேலையில்லை என்று பார்த்தார்களோ என்னவோ. மாட்டோடு சுற்றும் வெள்ளைக் கொக்கு உண்ணிக்கொக்கு. (உண்ணியப்பத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பயப்படாமல் தின்னு.)

சரி, உன் மார்க்குக்கு வருவோம். ஆட்டோவா ஹெட்டிரோவா என்பது, உடம்பு கட்டும் கார்பன் காற்றிலிருந்து வந்ததா, இன்னோர் உயிர் செய்து வைத்ததிலிருந்து வந்ததா என்ற கேள்வி. பாரசைட்டா என்பது யாருடைய இலையில் கை வைக்கிறாய் என்ற கேள்வி. இரண்டும் வேறு. வேலியில் மஞ்சள் நூலாய்ப் படரும் கஸ்குட்டாவுக்கு இரண்டுக்கும் 'அடுத்தவனுடையது' என்பதே பதில். மழை பெய்தால் நம்ம ரப்பர் விளையில் மக்கிய குற்றிமேல் முளைக்கிற காளான் பிறசார்புதான், ஆனால் ஒட்டுண்ணி இல்லை; செத்த மரத்தில் யாரை ஏய்ப்பது? அழுகியது என்ற பொருளுள்ள சப்ரோஸிலிருந்து அதற்கு சப்ரோட்ரோஃப் என்று பெயர். நாம் தின்றுவிட்டுச் செரிக்கிறோம், காளான் மரத்திலேயே நொதியைக் கசியவிட்டுச் செரித்த பிறகு உறிஞ்சுகிறது. குளச்சல் பாறையில் ஒட்டிக் கிடக்கும் சிப்பியும் பிறசார்பே. ஒட்டியிருக்கிறதே தவிர, பாறையை உண்ணவில்லை, கடல்தண்ணீரைச் சலித்து உண்கிறது.

அதனால் ஒட்டுண்ணி என்ற காரணத்துக்காக உன் பதிலை அடித்தது தப்பு என்றே நினைக்கிறேன். புல்லுருவியை அரை ஒட்டுண்ணி என்பார்கள். ஆனால் நீயும் ஒற்றைச் சொல்லை எழுதிவிட்டு வந்திருக்கிறாய். 'பச்சை இலை இருக்கிறது, மரத்திடம் முக்கியமாக எடுப்பது தண்ணீரும் உப்பும்தான்' என்று ஒரு வரி சேர்த்திருந்தால் டீச்சரிடம் போய்க் கேட்க முகம் இருந்திருக்கும். இப்போதும் போய்க் கேள், சண்டை போடாமல்.

உன் மாமா வெட்டுகத்தியைத் தீட்டி வைத்துவிட்டார். முண்டுக்குக் கீழே மாங்கொப்போடு சேர்த்து வெட்டாவிட்டால் அது மறுபடி துளிர்க்கும். நீ லீவுக்கு வரும்வரை அந்தக் கொப்பைத் தொடக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். முண்டை நெடுக்காகப் பிளந்து, மாங்கட்டை எங்கே முடிகிறது, அது எங்கே தொடங்குகிறது என்று நீதான் எனக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
குலசேகரம் அத்தை