பண்ணை வீடு என்றால் எங்களுக்கு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் நட்சத்திரங்களின் பண்ணை வீடுகள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் அருமை. ஆனால் எத்தனை அறை, எத்தனை கோடி, நீச்சல்குளம் எவ்வளவு நீளம் என்பதோடு நிறுத்திவிட்டீர்கள், அதைப் பார்க்க நம் ஆட்கள் ஏன் இப்படி ஓடுகிறார்கள் என்பதற்கு ஒரு வரி இல்லை.

பண்ணை வீடு என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். மன்னார்குடிப் பக்கம் பண்ணை என்றால் மிராசுதார் வீடு, நெல் களஞ்சியம், பண்ணையாள். எங்கள் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். அந்த வீட்டில் தேக்குத் தூண் வைத்த நீளத் திண்ணை உண்டு, வழிப்போக்கர் யாரும் படுத்துக்கொள்ளலாம் என்று இப்போது பெருமையாகச் சொல்கிறார்கள். படுக்கலாம்தான், யார் படுக்கலாம் என்பது வேறு விஷயம். தாத்தா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவில் நின்றுதான் பேசுவாராம். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் அந்தத் துண்டு தோளுக்கு ஏற ரொம்ப நாள் ஆனது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது அப்பா என்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்துத் தஞ்சாவூரிலிருந்து சூரக்கோட்டைக்கு அழைத்துப்போனார், சிவாஜி வீட்டைப் பார்க்க. சிவாஜி அங்கே இல்லை, கேட் சாத்தியிருந்தது. பக்கத்திலேயே எங்கள் ஊர் மிராசுதார் வீட்டுப் பிள்ளையும் கம்பிக்குள் மூக்கை விட்டு எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார், வெயிலில், எங்களை மாதிரியே. அப்பா ஊருக்கு வந்து அதைத்தான் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார், வீடு எப்படியிருந்தது என்று யார் கேட்டாலும் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நட்சத்திர வீட்டின் கவர்ச்சி பாதி இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த கேட் எல்லோருக்கும் ஒரே மாதிரி சாத்தியிருக்கும்.

அமெரிக்கக் கதையும் நீங்கள் முழுதாகச் சொல்லவில்லை. ஹாலிவுட் நட்சத்திரங்கள் குடியிருக்கும் பெவர்லி ஹில்ஸ் ஒரு காலத்தில் பீன்ஸ் வயல், நம் மொச்சைக்கு உறவு. 1919-ல் நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் அங்கே ஒரு வேட்டை விடுதியை வாங்கி, அடுத்த வருடம் நடிகை மேரி பிக்ஃபோர்டைக் கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பேரையும் ஒட்டி அந்த வீட்டுக்கு பிக்ஃபேர் என்று பெயர் வந்தது (நம் தெருக்களிலும் புருஷன் பெண்டாட்டி பெயரைச் சேர்த்து இல்லம் என்று எழுதுவோமே, அது மாதிரி). பின்னாலேயே மற்ற நடிகர்களும் குடிவந்தார்கள். 1990 வாக்கில் பிக்ஃபேரை இடித்தே விட்டார்கள். பாடகர் மைக்கேல் ஜாக்சன் 1988-ல் வாங்கிய நெவர்லேண்ட் பண்ணை சுமார் 2,700 ஏக்கர். 1970-ல் இங்கே நில உச்சவரம்பை 15 ஸ்டாண்டர்டு ஏக்கராகக் குறைத்தபோது பெரிய பண்ணைகள் என்ன பாடுபட்டன என்று பார்த்தவர்களுக்கு அந்த எண்ணைக் கேட்டாலே தலை சுற்றும். ஜாக்சன் இறந்த பிறகு 2015-ல் நெவர்லேண்டுக்கு 10 கோடி டாலர் விலை சொன்னார்கள், 2020-ல் 2.2 கோடிக்குத்தான் போனது.

நிலைத்து நிற்பது பாடகர் எல்விஸ் பிரெஸ்லியின் வீடான கிரேஸ்லேண்ட். 1982-லிருந்து டிக்கெட் வாங்கினால் யாரும் உள்ளே போகலாம். சரி, திறந்துவிட்டார்களே, என் கேட் கதை பொய்யாகிவிட்டதே என்று பார்த்தால், மாடிக்கு மட்டும் இன்றுவரை யாரையும் விடுவதில்லையாம்.

போன மாதம் என் பேரன் பம்பாயில் ஷாருக் கான் வீட்டு வாசலில் நின்று செல்ஃபி எடுத்து அனுப்பினான். பின்னால் மன்னத் என்ற பெயர்ப்பலகை, பக்கத்தில் இருபது முப்பது பேர். திட்டத்தான் போனை எடுத்தேன். அப்புறம் படத்தைப் பெரிதாக்கி கேட் இடுக்கில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி