நால்வர் பாடிய பழைய இசைத்தட்டுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய இசைத்தட்டுகளைச் சுவர்க் கடிகாரமாகவும் பூச்சாடியாகவும் மாற்றி விற்பவர்களைப் பற்றி அண்மையில் தங்கள் நாளிதழில் வெளியான செய்தியைப் படித்தேன். அவர்களுடைய கைத்திறனை நான் குறை கூறவில்லை. ஆனால் வெட்டுவதற்கு முன் அந்தத் தட்டை ஒருமுறையேனும் சுழலவிட்டுக் கேட்டிருப்பார்களா என்ற கவலை என்னை விட்டு அகலாததால் இதை எழுதுகிறேன்.

என் தாய்மாமன் கோலார் தங்கவயலில் வேலை பார்த்தவர். 2001-ஆம் ஆண்டு சுரங்கம் மூடப்பட்ட பின் கிருஷ்ணகிரிக்குக் குடிவந்தபோது, ஆஸ்திரேலியாவுக்குப் புறப்பட்ட ஆங்கிலோ இந்திய அண்டைவீட்டார் முன்பு அவரிடம் கொடுத்துச் சென்ற ஒரு தகரப்பெட்டி இசைத்தட்டுகளையும் உடன் கொண்டுவந்தார். மேலே இருந்தவை எல்லாம் அமெரிக்கப் பாடகர் ஜிம் ரீவ்ஸ் பாடியவை. அடியில் இருந்தவை அமெரிக்காவின் தென்மாநிலங்களைச் சேர்ந்த நால்வர் குழுக்கள் பாடிய கன்ட்ரி காஸ்பல், அதாவது நாட்டுப்புறப் பாணிக் கிறிஸ்தவப் பக்திப்பாடல் தட்டுகள்: பிளாக்வுட் பிரதர்ஸ், ஸ்டேட்ஸ்மென், சக் வேகன் கேங்.

நம் கீர்த்தனையை ஐம்பது பேர் சேர்ந்து பாடினாலும் மெட்டு ஒன்றே. அது நம் மரபின் அழகு. இந்தத் தட்டுகளில் பெரும்பாலானவற்றிலோ டெனார் (உச்சக்குரல்), லீட் (மெட்டைப் பாடும் குரல்), பாரிடோன் (இடைக்குரல்), பேஸ் (அடிக்குரல்) என நான்கு குரல்கள் நான்கு வழியில் நடந்து ஒவ்வோர் அடியின் முடிவிலும் ஒன்றாகக் கூடுகின்றன. முதல்முறை கேட்பவருக்கு லீட் குரல் மட்டுமே பிடிபடும். அடுத்த முறை பேஸ் குரலை மட்டும் பின்தொடர வேண்டும். மற்ற மூவரும் ஒரு சொல்லை நீட்டிப் பிடித்திருக்கையில் அது மட்டும் படி இறங்குவதுபோல் கீழே இறங்கிப் போவது தெரியும். மூன்றாம் முறைதான், யாரும் கவனிக்காத பாரிடோன் இல்லாவிட்டால் அந்தக் கூட்டொலியே குலைந்துவிடும் என்பது புரியும்.

டென்னசி மாநிலத்தின் லாரன்ஸ்பர்க் ஊரில் பாட்டுப் புத்தகம் வெளியிட்ட ஜேம்ஸ் வான், தம் புத்தகங்களை விற்பதற்காக 1910-ஆம் ஆண்டு நான்கு பாடகர்களை ஊர் ஊராக அனுப்பினார்; இந்த மரபு தொழிலாக வளர்ந்தது அங்கிருந்துதான். பிளாக்வுட் குழுவினர் 1934-இல் மிசிசிப்பியில் பாடத் தொடங்கினார்கள். 1954 ஜூன் 30 அன்று அலபாமாவில் நேர்ந்த விமான விபத்தில் ஆர். டபிள்யூ. பிளாக்வுட்டும் பேஸ் பாடகர் பில் லைல்ஸும் இறந்தார்கள். அதன் பின் ஜே. டி. சம்னர் பேஸ் பாட வந்தார். விபத்துக்கு முந்திய, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் 78 சுற்றுத் தட்டு ஒன்றும் பிந்திய நெடுந்தட்டு (எல்.பி.) ஒன்றும் எங்கள் பெட்டியில் உள்ளன. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது, அடிக்குரல் ஒன்று மாறியதால் குழுவின் நிறமே மாறியிருப்பதை உணர்ந்து ஒவ்வொரு முறையும் மனம் கனக்கிறது.

ஆனாலும் என் நெஞ்சுக்கு நெருக்கமானவர்கள் சக் வேகன் கேங் குழுவினரே. தந்தை, மகன், இரண்டு மகள்கள், துணைக்கு ஒரே ஒரு கிதார். நோயுற்ற மகளின் மருந்துச் செலவுக்காக 1935-இல் டெக்சஸின் லபக் நகர வானொலி நிலையத்தில் அந்தத் தந்தை வேலை கேட்டதில் தொடங்கிய குழு, மறு ஆண்டே இசைத்தட்டில் பாடியது. அவர்கள் பாட்டில் அலங்காரம் எதுவும் இல்லை. வீட்டு ஜெபத்தில் குடும்பமாக உட்கார்ந்து பாடுவதைப் போலவே இருக்கும்.

78 சுற்றுத் தட்டுகளில் பெரும்பாலானவை அரக்கு கலந்து செய்யப்பட்டவை. அந்த அரக்கு நம் நாட்டிலிருந்துதான் பெருமளவில் உலகெங்கும் போனது. அவற்றை ஸ்பிரிட் கொண்டு துடைத்தால் அரக்கு கரைந்து வரிப்பள்ளங்கள் பாழாகும் என்பதால், அதை ஒருபோதும் செய்யலாகாது. நெடுந்தட்டுக்கான மெல்லிய முள்ளில் 78 சுற்றுத் தட்டை ஒலிக்கவிடுவதும் தவறு. நெடுந்தட்டு போன்ற வினைல் (ஒருவகை பிளாஸ்டிக்) தட்டுகளை நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளைந்துவிடும். புத்தகம்போல் செங்குத்தாக, நிழலில் நிறுத்த வேண்டும்.

அமெரிக்காவின் மிசூரி லூத்தரன் சபையின் தொண்டர்கள் 1895-இல் பணி தொடங்கிய ஊர் கிருஷ்ணகிரி. நான்கு குரலில் ஞானப்பாட்டுப் பாடுவது இவ்வட்டாரத்து ஆலயங்களுக்குப் புதிதன்று. இன்றோ கீபோர்டில் ஏற்கெனவே பதிந்திருக்கும் தாளத்துக்கு எல்லோரும் ஒரே மெட்டைப் பாடுவது வழக்கமாகி, பேஸ் பாடத் தெரிந்த இளைஞர்கள் அரிதாகிவிட்டார்கள். எங்கள் பாடற்குழுவில் சில மாதங்களாகச் சனிக்கிழமைப் பயிற்சிக்கு அரைமணி முன்னதாக இந்தத் தட்டுகளில் ஒன்றைக் கேட்கிறோம். கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இப்போது தாமாகவே அடிக்குரலைப் பிரித்துப் பாடுகிறார்கள்.

ஆகவே, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் இத்தகைய தட்டுகளை வைத்திருப்போர் அவற்றைப் பழைய சாமான் கடைக்குப் போடாமல், அருகிலுள்ள ஆலயப் பாடற்குழுவுக்கோ நூலகத்துக்கோ தருமாறு தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். மாவட்ட மைய நூலகத்தில் ஒரு தட்டுச்சுழற்றியும் இரண்டு காதொலிக் கருவிகளும் வைக்க இடம் கிடைக்குமானால், எங்கள் தகரப்பெட்டியை முதலில் கொண்டுவந்து தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஆலயப் பாடற்குழு உறுப்பினர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.