மேடைப் பேச்சு வேண்டாம், சமையல்கட்டை மாற்றுங்கள்: மொரீசியஸ் தமிழ்க் கோயில் நிர்வாகக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவில் இருக்கும் பெரியவர்களுக்கும், சமையல்கட்டில் நின்று வேகும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

ஒரே ஒரு விஷயத்தைக் கேட்கத்தான் இதை எழுதுகிறேன். சர்க்கரை நோய் பற்றிப் பேச டாக்டரை அழைத்து வருகிறீர்கள், நல்லதுதான், நாங்களும் உட்கார்ந்து கேட்கிறோம், ஆனால் பேச்சு முடிந்ததும் அதே மண்டபத்தில் சோறு ஒரு மலை, மேலே பாயசம், கையில் ஒரு கோலா. கேட்ட பேச்சு அந்த இலையிலேயே போய்விடுகிறது. கோயில் என்ன சமைக்கிறதோ அதைத்தான் ஜனங்கள் சாப்பிடப் போகிறார்கள். அதனால் மாற வேண்டியது முதலில் சமையல்கட்டுதான்.

இது நடக்கக்கூடியதா என்றால், நம் தீவிலேயே நடந்திருக்கிறது. 1987இல் அரசாங்கம் மானிய விலையில் கொடுத்து வந்த சமையல் எண்ணெயை மாற்றியது. அதுவரை பெரும்பாலும் பாமாயிலாக இருந்தது, அப்புறம் முழுக்க சோயா எண்ணெய் ஆனது. வீடு வீடாகப் போய் யாரிடமும் கெஞ்சவில்லை, கடையில் இருந்த எண்ணெய்தான் மாறியது. 1992இல் பரிசோதித்தபோது மக்களின் சராசரி கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலில் இருந்து 4.7 ஆக இறங்கியிருந்தது. மக்கள் வேறு சில பழக்கங்களையும் மாற்றிக்கொண்டார்கள், ஆனால் எண்ணெய்க்கு அதில் பெரிய பங்கு என்று ஆய்வு செய்தவர்களே எழுதியிருக்கிறார்கள். சர்க்கரை நோய் மட்டும் இறங்கவில்லை. இன்று பெரியவர்களில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு இருக்கிறது. நம் தமிழ்க் குடும்பங்களுக்கு மட்டும் வந்த தலைவிதி என்று நினைக்காதீர்கள், இந்தத் தீவில் கிரியோல் மக்களுக்கும் சீனர்களுக்கும் இதே தொல்லைதான்.

காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறி பரிமாறுகிறீர்களே, அதில் கை வைக்கச் சொல்லவே மாட்டேன். வாழைக்காய், பூசணி, பலாக்காய், பருப்பு, பிரேட் என்று நாம் சொல்லும் கீரை, ரசம் என்று இதைவிட நல்ல சாப்பாடு எந்த டாக்டர் எழுதிக் கொடுப்பார்? கோளாறு அளவில் இருக்கிறது. சோறு இலையில் பாதிக்கு மேல் வந்துவிடுகிறது, கறி ஓரத்தில் ஒரு ஸ்பூன் வந்து உட்கார்கிறது. கரும்புக் காட்டில் விடிந்ததில் இருந்து வெட்டியவருக்கு அவ்வளவு சோறு தேவைப்பட்டது, நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிற அவருடைய பேரனுக்கு எதற்கு? முதல் முறை சோற்றுக்குச் சின்னக் கரண்டி, பருப்புக்கும் கீரைக்கும் பெரிய கரண்டி வையுங்கள். கேட்பவருக்கு மறுபடி சோறு போடுங்கள், யாரும் பசியோடு எழுந்து போகக் கூடாது. பிரேட் மூரூம், அதாவது நம் முருங்கைக்கீரை, எத்தனை வீட்டுக் கொல்லையில் சும்மா நிற்கிறது, திருவிழாவுக்கு முந்தின நாள் கொண்டுவரச் சொன்னால் அண்டா அண்டாவாக வந்து குவியும்.

உப்பு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாக இருங்கள். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள், நானும் உப்பே போடாதீர்கள் என்று சொல்லவில்லை. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாகப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அச்சார் என்கிற ஊறுகாய், அப்பளம், ரசம் மூன்றும் சேர்ந்தால் ஒரு வேளைச் சாப்பாட்டிலேயே அதில் பெரும்பங்கு போய்விடும். கையால் அள்ளிப் போடுவதை நிறுத்திவிட்டு அளந்து போட்டாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

கோலாவையும் ஜூஸ் பாக்கெட்டையும் தயவுசெய்து நிறுத்துங்கள். 330 மில்லி கேன் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாள் முழுக்கவே 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று சொல்கிறார்கள். அரசாங்கம் 2013இல் இருந்து இந்தப் பானங்களுக்குச் சர்க்கரை கிராம் கணக்கில் வரி போடுகிறது, பள்ளிக்கூட கான்டீன்களில் விற்கவும் விடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் கிடைக்காததைக் கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்பில் நாம் சும்மா கொடுக்கலாமா? தண்ணீர், மோர், ஒரு துண்டு பப்பாளி போதும், பிள்ளைகள் சாப்பிடுவார்கள். உபயக்காரர்கள் மனம் வருந்துவார்கள் என்று தயங்குகிறீர்கள், தெரியும். அவர்களிடம் முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுங்கள்: பழம், பருப்பு, காய்கறி, மோர். கொடுக்க நினைப்பவருக்கு எதைக் கொடுப்பது என்று தெரிந்தால் சந்தோஷமாகவே கொடுப்பார்.

இன்னொன்று, இது அவசரமானது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு வெயிலில் காவடி தூக்கி மதியம் வரை நடக்கிறார்கள். சில மருந்துகளோடு பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். பத்து நாள் விரதம் தொடங்கும் முன்பே டாக்டரைப் பார்த்து மருந்து அளவு பற்றிக் கேட்டுவரச் சொல்லி, பெயர் பதியும்போதே ஒவ்வொருவரிடமும் விசாரியுங்கள். வழியில் தண்ணீர் கொடுக்கும் இடங்களில் கொஞ்சம் குளுக்கோசும் இருக்கட்டும், அதைக் கொடுக்கத் தெரிந்த ஆளும் இருக்கட்டும்.

வடை சுட்ட எண்ணெயை மறுநாளும் காய்ச்சுவதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, சமையல்கட்டில் இருப்பவர்களுக்கே தெரியும். புது எண்ணெய் வாங்கப் பணம் ஒதுக்குங்கள்.

அடுத்த காவடிக்கான முதல் கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசுங்கள், கடைசி வாரத்தில் மளிகைப் பட்டியல் போன பிறகு பேசிப் பயனில்லை. எல்லாவற்றையும் ஒரே வருஷத்தில் செய்ய முடியாவிட்டால் கோலாவில் தொடங்குங்கள், சோற்றுக் கரண்டி அதற்கு அடுத்தது. காய் கூடினால் நறுக்க ஆள் போதாது என்பீர்கள், சொல்லி அனுப்புங்கள், அக்கா தங்கைகளைக் கூட்டிக்கொண்டு முந்தின நாள் மாலையே வந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பந்தியில் சாப்பிட்டு வளர்ந்த ஒருத்தி