மான் என்றால் நிலா

உத்ரெக்ட், நெதர்லாந்து,
மே 3

அன்புக் குஞ்சுக்கு,

போன கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அம்மா, சின்னவளுக்கு டச்சுப் புத்தகம் வாசிச்சுக் காட்டலாம் எண்டு இருக்கிறன், எதில தொடங்க?" என்று கேட்டாய். அடுப்பில் கறி இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இருக்கவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது, அதுதான்.

இந்தக் கடிதத்தோடு ஒரு பெட்டி வருகிறது. அப்பா நாடாவை நாலு சுற்றுச் சுற்றி ஒட்டியிருக்கிறார், கத்தி இல்லாமல் திறக்க மாட்டாய். முக்கால்வாசிப் புத்தகம் அரசர் தினச் சந்தையில் வாங்கியது. உனக்குத் தெரியும்தானே, ஏப்ரல் 27ஆம் திகதி நாடு முழுக்கச் சந்தை என்றாலும் எங்கள் ஊரில் முதல்நாள் பின்னேரம் ஆறு மணிக்கே தொடங்கிவிடும். பிள்ளைகள் தெருவோரம் போர்வையை விரித்துத் தங்கள் பழைய சாமான்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். ஒரு புத்தகம் ஐம்பது சதம். ஒரு பொடியன் நான் எடுத்த புத்தகத்தை என் கையிலிருந்து திருப்பி வாங்கி, நடுவில் ஒரு பக்கத்தை விரித்து, வாய்க்குள் முழுவதும் வாசித்து முடித்துவிட்டுத்தான் தந்தான். பிரிய மனம் இல்லை அவனுக்கு. அப்படி வாசித்த வீட்டுப் புத்தகங்கள்தான் உனக்கு வருகின்றன.

முதலில் நைன்ச்சே என்கிற முயல்குட்டி. சின்னவளுக்கு இன்னும் நாலு வயது ஆகவில்லை, அதனால் இதுதான் தொடக்கம். முயல்குட்டிக்குக் கொனைன்ச்சே என்று டச்சுச் சொல், அதன் வாலைப் பிடித்து வைத்த பெயர் நைன்ச்சே. அவளை எழுதி வரைந்த டிக் ப்ரூனா எங்கள் ஊர்க்காரர். 1955இல் முதல் புத்தகத்தைப் போட்டார். 2017இல் அவர் செத்தபோது இந்த ஊரே துக்கம் கொண்டாடியது. டவுனில் ஒரு சந்தியில் நடக்கிறவர்களுக்கான சிக்னலில் பச்சைக்கும் சிவப்புக்கும் நைன்ச்சேதான் நிற்கிறாள், அடுத்த முறை வரும்போது சின்னவளை அங்கே கூட்டிப்போவேன். புத்தகம் சதுரமாக, பிள்ளையின் கைக்கு அடங்குகிற அளவில் இருக்கும். இடப்பக்கம் நாலே வரி, வலப்பக்கம் ஒரு படம். நைன்ச்சே எப்போதும் நேரே பிள்ளையைத்தான் பார்ப்பாள், பக்கப்பார்வை கிடையாது. இரண்டாம் வரியும் நாலாம் வரியும் இயைந்து முடியும். அதனால் மெதுவாக, பாட்டுப்போலச் சொல்லு. கருத்துப் புரியாவிட்டாலும் காதுக்குப் பிடிக்கும். நீ அப்படித்தான் பிடித்தாய்.

அடுத்தது யிப்பும் யன்னெக்கேயும். இதைப் பற்றிக் கொஞ்சம் கூட எழுத வேண்டியிருக்கிறது.

கதை உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. அன்னி எம். ஜி. ஸ்மிட் 1952இல் ஒரு நாளிதழுக்கு எழுதத் தொடங்கியது. ஒவ்வொன்றும் ஒன்றரைப் பக்கம், இரண்டு பக்கம். படம் ஃபீப் வெஸ்டென்டோர்ப். யிப் தோட்டத்தில் பொழுது போகாமல் நிற்கிறான், வேலியில் ஒரு ஓட்டை, அதற்குள்ளால் எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் ஒரு சின்ன மூக்கும் இரண்டு கண்ணும். பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளை, யன்னெக்கே. அந்தப் பக்கம் போகிறேன் என்று ஓட்டைக்குள் நுழைந்து மாட்டிக்கொள்கிறான். அவ்வளவுதான் முதல் கதை. படத்தில் இரண்டு பிள்ளைகளும் கறுத்த நிழலுருவம். நீ அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, இவை தமிழ்ப் பிள்ளையளோ?" என்று கேட்டாய். ஓம் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல! எங்கள் தெருவில் அப்போது கறுத்தப் பிள்ளை என்று நீ ஒருத்திதான்.

மேல்மாடியில் இருந்த கிழவி உன் ஆறாவது பிறந்தநாளுக்குத் தந்த புத்தகம் அது. நீ அப்போது மூன்றாம் குரூப், ஊரில் என்றால் முதலாம் வகுப்பு. எழுத்துக்கூட்டத் தொடங்கிய நேரம். பள்ளிக்கூடத்துச் சின்னத் தாளை என் முன்னால் பிடித்து "மான்" என்று வாசித்தாய். படத்தில் நிலா இருக்கிறது. "மானைக் காணேல்லையே பிள்ளை" என்றேன். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். டச்சில் மான் என்றால் நிலா என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்து ஏழு வருடம்.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு எனக்குப் பயம் பிடித்துவிட்டது. நான் தமிழில் கேட்டால் நீ டச்சில் பதில் சொல்லத் தொடங்கினாய். ஒரு நாள் குசினியில், "சாப்பிட வா" என்று மூன்று முறை கூப்பிட்டேன். நீ அந்தப் புத்தகத்திலிருந்து தலையை எடுக்காமல் டச்சில் ஏதோ சொன்னாய். நான் புத்தகத்தைப் பறித்து அலுமாரிக்கு மேலே போட்டேன். வீட்டுக்குள் இனி டச்சு இல்லை என்று சொன்னேன். நீ அழவில்லை, கதிரையில் ஏறி மேலே பார்த்துவிட்டு இறங்கினாய். அந்த முகம் இப்போதும் எனக்குள் இருக்கிறது, குஞ்சு. டச்சு வந்தால் தமிழ் போய்விடும் என்று நினைத்தேன். ஒரு கூடையில் ஒன்றைப் போட்டால் மற்றது விழுந்துவிடும் என்பதுபோல. அது பிழை. உனக்குச் செய்த பிழை.

அந்த வருடம் கடைசியில் அம்மம்மா செத்த செய்தி வந்தது. 1997. யாழ்ப்பாணத்துக்குப் போக வழி இல்லை. நான் சமைக்காமல், விளக்குப் போடாமல் இருந்தேன். நீ நூலகத்திலிருந்து எடுத்து வந்த ஒரு புத்தகத்தோடு வந்து என் பக்கத்தில் ஏறி இருந்தாய். வீட்டில் டச்சு இல்லை என்ற சட்டம் உனக்கு ஞாபகம் இருந்தது. "ஒண்டு மட்டும் வாசிக்கட்டோ?" என்று கேட்டாய்.

மாக்ஸ் வெல்ட்ஹெய்ஸின் தவளைக் கதை. கிக்கர் என்கிற தவளை ஒரு கறுத்தக் குருவி அசையாமல் கிடப்பதைக் காண்கிறது. நித்திரை என்கிறது பன்றி. வருத்தம் என்கிறது தாரா. முயல் வந்து குனிந்து பார்த்து, செத்துவிட்டது என்கிறது. எல்லோரும் சேர்ந்து அதைக் குழி வெட்டிப் புதைக்கிறார்கள். கவலையோடு திரும்புகிற வழியில் கிக்கர் ஓடிப்பிடிக்கிற விளையாட்டைத் தொடங்குகிறது, எல்லோரும் சிரித்து விளையாடுகிறார்கள். பின்னேரம் ஒரு மரத்திலிருந்து இன்னொரு கறுத்தக் குருவி பாடுகிறது. நீ ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தாய். டோட் என்ற சொல் வந்தபோது நிறுத்தி, "செத்துப்போச்சு எண்டு அர்த்தம், அம்மா" என்று தமிழில் சொன்னாய். நான் அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதேன். உனக்கு ஏழு வயது. டச்சில் வாசித்ததைத் தமிழில் எனக்குத் தந்தாய். எது எதைத் தின்றது, சொல்லு?

அன்றிரவு அலுமாரிக்கு மேலே இருந்ததை நான் எடுத்துத் தந்தேன். அது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது.

அதற்குப் பிறகு இரவில் நீ வாசிக்க நான் கேட்டேன். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவதற்கு டச்சில் ஃபோர்லேஸன் என்று ஒரே சொல். எங்கள் வீட்டில் அது தலைகீழாக நடந்தது. என் டச்சு பாதி வகுப்பில் வந்தது, மீதி உன் கட்டில் ஓரத்தில் வந்தது. நூலகத்தில் பிள்ளைகளுக்குப் பணம் கட்டத் தேவையில்லை என்பதால் சனிக்கிழமை சனிக்கிழமை பை நிறையக் கொண்டுவருவோம். வாசிக்க வாசிக்க எனக்கு ஒரு ஆச்சரியம் வேறு. யன்னெக்கே வீட்டுப் பூனையைப் பூஸ் என்பாள், ஊரில் நாங்கள் பூசை என்போம். மேசை இழுப்பறையை நாங்கள் லாச்சி என்போம், அவர்கள் லாச்சே என்கிறார்கள், அப்பா அலுவலகத்தைக் கந்தோர் என்றதை கந்தோர் என்றே சொல்கிறார்கள். போஞ்சிக்காய்கூட அவர்களுடைய போன்ச்சேதான். யாழ்ப்பாணத்தில் ஒல்லாந்தர், அதுதான் இந்த டச்சுக்காரர், 1658இலிருந்து நூற்றுமுப்பது வருடத்துக்கு மேல் இருந்துவிட்டுப் போனார்கள். கோட்டையை விட்டுப்போனது பள்ளிக்கூடத்தில் படித்தேன். லாச்சியை விட்டுப்போனது உன் கதைப் புத்தகத்தில்தான் கண்டேன். சின்னவளுக்கு இந்தச் சொற்களைச் சொல்லிக் காட்டு. மருமகனும் ரசிப்பார்.

சரி, மற்றப் புத்தகங்கள். "மஞ்சள் பலூன்" பெரிதாக இருக்கும், பெட்டியில் குறுக்காக வைத்திருக்கிறேன். ஷார்லொட் டெமாட்டொன்ஸ் வரைந்தது, 2003. ஒரு சொல்லும் இல்லை. பலூன் காடு, கடல், பனி, பாலைவனம் என்று உலகம் முழுக்கப் பறக்கிறது. ஒவ்வொரு பக்கத்திலும் அதைத் தேடிப் பிடிக்க வேண்டும். இதைத் தமிழில் சொல்லு. மருமகனுக்கு டச்சுத் தெரியாதே, அவருடைய பங்கு இந்தப் புத்தகம்.

"ப்ளுக்" இன்னும் ஒரு வருடம் போகட்டும். அதுவும் அன்னி ஸ்மிட், 1971. சிவப்புக் கிரேன் வண்டியோடு மாடிக் கட்டடத்து உச்சிக் கோபுரத்தில் தனியாகக் குடியிருக்கிற பொடியன். கரப்பான்பூச்சி ஒன்று அவனுக்குச் சிநேகிதம். நீளமான கதை, இரவுக்கு ஒரு அத்தியாயம் போதும். சின்னவள் இன்னும் ஒன்று என்று கெஞ்சுவாள். வாசி. நித்திரை கொஞ்சம் பிந்தினால் என்ன.

டொங்க டிராக்ட் எழுதிய "அரசனுக்கு ஒரு கடிதம்" இந்தப் பெட்டியில் இல்லை. அதற்குப் பத்து வயதாவது வேண்டும். உன் பழைய பிரதி இங்கே பத்திரமாக இருக்கிறது. நீ பதினொரு வயதில் போர்வைக்குள் டோர்ச் அடித்து வாசித்தாய். நான் கண்டும் காணாததுபோல் கதவைச் சாத்தினேன். டிராக்ட் 1930இல் பத்தாவியாவில், இப்போதைய ஜகார்த்தாவில், பிறந்தவர். சின்ன வயதில் யப்பானியரின் தடுப்பு முகாமில் இருந்து, கிடைத்த தாளில் எழுதப் பழகியவர். முகாமில் இருந்த பிள்ளை எழுதியது என்று தெரிந்த பிறகு அந்தப் புத்தகத்தை நான் வேறு மாதிரித் தூக்குகிறேன்.

பெட்டியில் ஒன்று உனக்கு. துணியில் சுற்றி வைத்திருக்கிறேன், சின்னவளுக்கு இல்லை. "அப்பா ஒரு பற்றையாக மாறியபோது." யோக்க ஃபன் லேவன் எழுதி 2010இல் வந்தது. நீ வீட்டை விட்டுப் படிக்கப் போன பிறகு, எனக்காக என்று நானே நூலகத்தில் எடுத்து வாசித்த முதல் டச்சுப் புத்தகம். டோடா என்று ஒரு பிள்ளை. அப்பா கேக்கும் பலகாரமும் சுடுகிறவர். சண்டை தொடங்குகிறது, ஒரு பகுதியார் மற்றப் பகுதியாரோடு, யார் என்ன என்று பெயரே இல்லை. அப்பாவைக் கூப்பிடுகிறார்கள். ஒரு படைவீரன் எப்படிப் பற்றைபோல வேடம் போட்டு ஒளிந்திருக்கலாம் என்று அவரிடம் ஒரு புத்தகம் இருக்கிறது. பிள்ளையை எல்லை தாண்டி அம்மாவிடம் அனுப்புகிறார்கள். மொழி தெரியாத நாடு. நான் அதைப் பஸ்ஸில் வாசித்து இறங்கவேண்டிய தரிப்பைத் தவறவிட்டேன். எங்கள் பயணத்தைப் பற்றி நீ பலமுறை கேட்டிருக்கிறாய், நான் சொல்லவில்லை. எனக்குச் சொல்ல வரவில்லை. அந்தப் புத்தகத்தில் பென்சிலால் சில இடங்களில் கோடு போட்டிருக்கிறேன். அந்த இடங்களை வாசித்துவிட்டு எனக்கு எடு. இந்த முறை அடுப்பில் ஒன்றும் இருக்காது.

வாசிக்கிறபோது ஒன்று மட்டும் கவனி. நடுவில் நிறுத்தி நிறுத்தி இங்கிலீஷில் விளக்கம் சொல்லாதே. கதை முழுவதும் டச்சில் போகட்டும். முடிந்த பிறகு தமிழில் கதை. அவள் கனடாவில், ஸ்காபரோவில் இங்கிலீஷ் எப்படியும் படித்துவிடுவாள், அதற்கு உன் மடி தேவையில்லை. டச்சு பேச அங்கே அவளுக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை. உன் சின்ன வயது முழுக்க அந்த மொழியில்தான் இருக்கிறது, அதை அவளுக்குக் காட்டாமல் பூட்டி வைக்காதே. நான் ஒருமுறை அலுமாரிக்கு மேலே போட்டது போதும்.

யிப் புத்தகம் புதிது இல்லை. அந்தக் கிழவி தந்த அதே பிரதிதான். மட்டை கழன்றுவிட்டது, அப்பா பசை போட்டு ஒட்டியிருக்கிறார். உள்பக்கத்தில் உன் கையெழுத்தில் "மான்" என்று டச்சு எழுத்தில் ஒன்று, பக்கத்தில் தமிழில் நிலா. லானாவுக்குக் கால் போடாமல் விட்டிருக்கிறாய். அதை அழிக்காதே.

வேலிக்குள் மாட்டிக்கொள்கிற முதல் கதையை நீ சின்னவளுக்கு வாசிக்கும்போது போனில் பதிந்து அனுப்பு. அப்பாவும் கேட்க வேண்டுமாம்.

அன்புடன்,
அம்மா