வௌவாலும் குருவியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் கிழக்கு ஐரோப்பா கட்டுரையில், 'செத்தவர்கள் வௌவாலாக வந்து ரத்தம் குடிப்பார்கள் என்று நடுங்கும் ஸ்லாவிய மக்கள்' என்று ஒரு வரி. பக்கத்திலேயே டிராகுலா படம். படித்து மூன்று நாளாகிறது, இன்னும் மனசு ஆறவில்லை.

டிராகுலா, 1897இல் ஓர் அயர்லாந்துக்காரர் எழுதிய நாவல். கதையில் வரும் டிரான்சில்வேனியா ருமேனியாவில் இருக்கிறது. ருமேனியர்கள் ஸ்லாவியரே அல்லர்; செர்பியர், போலந்துக்காரர், பெலாரூசியர் போன்றோர்தான் ஸ்லாவியர். ரத்தம் குடிக்கும் வௌவால் ஐரோப்பாவிலேயே கிடையாது. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல. பிணத்தைப் பூனை தாண்டினால் செத்தவர் எழுந்து வருவார் என்று செர்பியாவில் பயந்தது உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அதே செர்பியாவில் வீட்டுக்கடியில் குடியிருக்கும் பாம்பை அடிக்கமாட்டார்கள். அது அந்த வீட்டு முன்னோரின் உயிர் என்பார்கள். போலந்து மொழியில் மிருகம் சாவதற்கு ஒரு சொல், மனிதர் இறப்பதற்கு வேறு சொல். தேனீ செத்தாலோ, மனிதருக்குரிய சொல்லைத்தான் சொல்வது வழக்கம். இதில் ஒன்றாவது கட்டுரையில் உண்டா?

நான் 1990களில் பெலாரூசின் தலைநகரான மின்ஸ்கில் மருத்துவம் படித்தவன். ஈஸ்டர் கழிந்த ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, ராதுனிட்சா. கல்லறைக்குப் போகும் நாள். பெலாரூசில் இன்றும் அரசு விடுமுறை. கூடப் படித்த நண்பன் தன் பாட்டி ஊருக்கு அழைத்துப்போனான். பாட்டி தன் கணவரின் கல்லறைமேல் வெள்ளைத் துணி விரித்து, சிவப்புச் சாயமேற்றிய முட்டையை உரித்து, உதிர்த்துத் தூவினார். ஒரு குருவி இறங்கியது. பேசிக்கொண்டிருந்த எங்களைக் கையமர்த்திவிட்டு, அது தின்று முடிக்கும்வரை அந்த அம்மா அசையவே இல்லை. அப்புறம் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "பசியோடுதான் வந்திருக்கிறார்" என்றார். அந்த முகத்தில் நடுக்கம் எங்கே இருந்தது ஐயா?

தங்கள் இதழில் இது முதல் தடவையும் அல்ல. பெலாரூசை ரஷ்யாவின் ஒரு மாநிலம் என்று போட்டீர்கள். நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலே வரவில்லை. 'வோட்கா டாக்டர்' என்று, அங்கே மருத்துவம் படித்துவந்த எங்களைக் கேலிச்சித்திரம் போட்டீர்கள். அன்று காலையிலும் நான் நோயாளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் சந்தாவை நிறுத்தச் சொன்னார்கள். நான்தான் வேண்டாமென்று தடுத்தேன்.

அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இணையப் பதிப்பிலிருந்து அந்த டிராகுலா படத்தையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகரான ஒரு மருத்துவர்,
கும்பகோணம்.